அவலில் ஒரு குழி

பவ வருஷம், ஆவணி, வெள்ளி இரவு. மயிலாப்பூர்.

எதிர்வீட்டு அம்புஜம் விடியற்காலையில் போய்விட்டாள். அவளை எடுத்துக்கொண்டு போகும்வரை தெருவில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. அவளுடைய நாலு வயசுப் பெண் குஞ்சுவை என்னிடம் விட்டிருந்தார்கள்.

குழந்தைகளின் வயிறு கேட்குமா? அவலை நனைத்து, வெல்லமும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்தேன். என் பெண் ராஜம் தின்றாள். குஞ்சு வாயைத் திறக்கவே இல்லை. கெஞ்சினேன், அதட்டினேன், அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

ராஜம்தான் கையை நீட்டினாள். "நேக்கு நீ போடுடீ, குஞ்சு."

குஞ்சு ஒரு பிடி அவலை உருட்டி ராஜத்தின் உள்ளங்கையில் வைத்தாள். நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி அழுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமி, கொழம்பு விடுங்கோ."

அம்புஜம் இவளுக்கு அப்படித்தான் கையில் சாதம் போடுவாள். எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். வெல்ல அவலுக்கு ஏது குழம்பு? தேங்காய் உடைத்த தண்ணீர் கிண்ணத்தில் இருந்தது. அதிலிருந்து குழியில் ஒரு சொட்டு விட்டேன். அப்புறம் குஞ்சு தனக்கும் ஒன்று உருட்டிக்கொண்டாள். அதிலும் குழி.

ராத்திரி அவள் கையில் சாதம் வைத்தேன். குழி போட எனக்குத் தைரியம் வரவில்லை. அவளே போட்டுக்கொண்டாள்.