அவர் பாதம் பார்க்காத பதினேழு நாள்

19/7 சனி
வெயில். புகைமூட்டம் வேறு. பிரிக்ஃபீல்ட்ஸில் பார்க்கிங் தேடியே இருபது நிமிஷம். மன அமைதி வகுப்புக்கும் ஓடித்தான் போக வேண்டியிருக்கு.

மகள் கவிதா கட்டாயப்படுத்திச் சேர்த்துவிட்டது. "அம்மா, கையுறை ஃபேக்டரியில QC பாருங்க. வீட்டுல அப்பாவ QC பார்க்காதீங்க லா." ஏழு மாசக் கர்ப்பிணி. எதிர்த்துப் பேச முடியுமா.

டீச்சர் சொன்னது: பாத்திரம் கழுவினால் கழுவுவது மட்டும். தேத்தண்ணி குடித்தால் குடிப்பது மட்டும். அடுத்தவர் காரியத்தை அவரிடமே விடணும்.

நான் விட வேண்டியவை:
– இவர் சோற்றை அளப்பது
– சுகர் மெஷின் நம்பர் கேட்பது
– சாயங்காலம் இவர் பாதத்தைப் பார்ப்பது

மூன்றாவதுதான் கஷ்டம். இனிப்புநீர் வந்து பதினோரு வருஷம். பாதத்தில் உணர்ச்சியே இல்லை, ஆணி குத்தினாலும் தெரியாது. தினம் பார்க்கச் சொன்னது கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி. நாலு வருஷமாக ஒரு நாள் தவறவில்லை. இவருக்கோ அது அவமானம். "நான் என்ன உன் ஃபேக்டரி கையுறையா, ஓட்டை இருக்கான்னு பார்க்க?"

சரி. விட்டேன்.

22/7 செவ்வாய்
மழை. ஷா ஆலம் ஃபேக்டரியிலிருந்து கிள்ளான் வீடு வரை ஜாம். வந்து பாத்திரம் கழுவினேன், கழுவுவது மட்டும். நுரை, சூடு, தட்டின் விளிம்பு. நல்லாத்தான் இருக்கு, சத்தியமாக.

இவர் பின்னால் வந்து நின்றார். "கோயில்ல பேர் குடுத்துட்டேன். ஆடிப் பூமிதிக்கு. கவிதாவுக்கு நல்லபடியா பொறக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

தீ மிதிக்கப் போகிறாராம். அந்தக் காலோடு.

வாய் வரை வந்தது, விழுங்கினேன். மூச்சை எண்ணினேன்.

"ஒண்ணும் சொல்லலயா, தேவி?"

"உங்க இஷ்டம்ங்க."

சிரித்தார். முப்பது வருஷத்தில் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்புக்கு ஆசைப்பட்டுவிட்டேன்.

27/7 ஞாயிறு
காப்பு கட்டியாச்சு. விரதம், மஞ்சள் வேட்டி.

தே குடித்தேன், குடிப்பது மட்டும். கவனிக்கப் பழகியதில் இது ஒரு தொல்லை, எல்லாமே கண்ணில் படுகிறது. இவர் குசினியிலிருந்து ஹாலுக்கு வந்தார். வீட்டுக்குள் போடும் செருப்பில் இடதுகால் செருப்பு பாதி வழியிலேயே கழன்று கிடந்தது. இவருக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து டிவி போட்டார்.

எடுத்துப்போய்க் காலடியில் வைத்தேன்.

2/8 சனி
வகுப்பு. டீச்சரிடம் கேட்டேன், "வீட்டுக்காரர் ஒரு நேர்த்திக்கடன் செய்யப் போறாரு. தடுக்கணும்னு தோணுது."

"அவர் நம்பிக்கை அவருக்கு. நீங்க உங்க மூச்சப் பாருங்க."

நெருப்பு என்று நான் சொல்லவில்லை. காலைப் பற்றியும் சொல்லவில்லை. எனக்கு வேண்டிய பதில் வருகிற மாதிரிதான் கேட்டேன். கெட்டிக்காரிதான் நான்.

வாங்கணும்: மஞ்சள், எலுமிச்சை 9, கவிதாவுக்குப் பால் மாவு.

3/8 ஞாயிறு
பூக்குழி அனல் தள்ளி நின்ற எனக்கே முகத்தில் அடித்தது. மற்றவர்கள் நாலே எட்டில் ஓடிக் கடந்தார்கள். இவர் நடந்தார். பாசாருக்குக் காய் வாங்கப் போகிற மாதிரி நிதானமாக.

பக்கத்தில் ஒரு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அண்ணனுக்குச் சூடே தெரியல பாருங்க. அம்மன் தாங்கிக்கிட்டா."

தெரியாதுதான். ஏன் தெரியவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

கடைசியில் கால் நனைக்கும் பால்குழியும் தாண்டி என்னிடம் வந்தார், முகமெல்லாம் பூரிப்பு. "தேவி, பூ மாதிரி இருந்துச்சு."

கார் வரை வெறுங்கால். "காட்டுங்க" என்றேன். "இன்னிக்கு மட்டும் வேணாமே." வற்புறுத்தவில்லை. பார்க்க எனக்கும் பயம்.

4/8 திங்கள்
லீவு போடலாமா என்று நினைத்து, போடாமல் வேலைக்குப் போனேன். திரும்பி வந்தால் இவர் போனில், செமினியில் இருக்கும் கவிதாவிடம். "ஒரு கொப்புளம் இல்லம்மா."

சாக்ஸ் போட்டிருக்கார். வீட்டுக்குள், இந்த வெக்கையில்.

கேட்கவில்லை. தட்டு கழுவினேன். எதைக் கழுவினேன் என்று நினைவில்லை.

5/8 செவ்வாய்
ஆஸ்பத்திரி. இவர் உள்ளே, நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். இரண்டு மணி நேரமாச்சு. கவிதாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

காலையில் டைல்ஸ் மேல் ஈரத் தடம், ரூமிலிருந்து சோபா வரை. தண்ணீர் இல்லை, வாடை அடித்தது. சோபாவில் இவர், காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போடுகிறது.

"தேவி, காலக் கொஞ்சம் பாரேன்."

நாலு வருஷத்தில் அவராகக் கேட்டது இதுதான் முதல் தடவை. தரையில் உட்கார்ந்தேன். இடது சாக்ஸைக் கழற்றினேன். தோலும் கூடவே வந்தது. இவர் தலையைச் சாய்த்து மேலே ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாக்ஸக் கழட்டறப்ப மெதுவா, தேவி. பயமா இருக்கு."

"சரிங்க" என்றேன். சாக்ஸ் என் மடியில் இருந்தது.