காய்ந்தபடி பூட்டச் சொன்ன இரும்பு

வுப்பர்டால்,
பங்குனி, 1987.

என் பாசமுள்ள அருள் அண்ணைக்கு,

பாசம் என்று எழுதிவிட்டேன். எழுதாவிட்டால் அம்மா கோபிப்பா. மற்றபடி இந்தக் கடிதத்தில் பாசத்தைத் தேடாதே. நீ இருந்த மட்டும் வாங்கோ, போங்கோ என்றுதான் உன்னோடு கதைத்தேன். இன்றைக்குப் பேனையை எடுத்தால் நீ, வா, போ என்றுதான் வருகிறது. மரியாதை வேண்டுமென்றால் உயிரோடு இருந்திருக்க வேண்டும்.

இதை உன் கல்லறையில் கொண்டுபோய் வைக்கப் போவதில்லை. எங்கள் சனம் கையால் எழுதிப் பிரதி எடுத்து வீடு வீடாகக் கொடுக்கிற மாதப் பத்திரிகைக்குத்தான் கொடுக்கிறேன். எல்லாரும் வாசிக்கட்டும். உன் முப்பத்தோராம் நாளுக்கு சூசை அண்ணை அடித்த துண்டுப்பிரசுரத்தையும் எல்லாரும்தானே வாசித்தார்கள்? “ஜெர்மன்காரனின் பழுதான ஜீப்புக்குப் பலியான எங்கள் அருள்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். சூசை அண்ணையைத்தான் உனக்குத் தெரியுமே. இந்த அகதி விடுதியில் யாருக்கு எந்த விண்ணப்பம் எழுதுவதென்றாலும் அவர்தான். எழுதிக் கொடுத்துவிட்டு எங்களுக்காக யோசிப்பதையும் அவரே செய்துவிடுவார்.

ஜீப்பிலிருந்தே தொடங்குகிறேன். வேலை செய்ய அனுமதி இல்லாமல் விடுதியில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த உன்னை, “காட்டில் உதவிக்கு வா” என்று கூப்பிட்ட ஒரே மனிதர் எர்வின் கிழவர். நகரத்துக்கு வெளியே மலைச்சரிவில் அவருக்கு ஒரு பண்ணையும் கொஞ்சம் காடும். மன்னாரில் நீ பதினோரு வருடம் கராஜ் வைத்திருந்தவன் என்று கேள்விப்பட்டதும் தன் பழைய ஜீப்பையே உன் கையில் தந்தார். ஆமிக்காரர் ஓடித் தேய்த்து விற்ற ஜீப். அதை அவர் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார் என்று நீதான் சொன்னாய்.

சேற்றில் புதையாமல் இருக்க அகலமான டயர் வாங்கிப் போட்டார். வண்டியைத் திருப்பினால் டயர் உள்ளே உரசியது. சில்லை, அதுதான் சக்கரத்தை, கொஞ்சம் வெளியே தள்ளி நிறுத்துவதற்கு ஸ்பேசர் என்று நாலு இரும்புத் தட்டு வாங்கிவந்தார். இரண்டு விரல் தடிப்பு. முதலில் தட்டை அச்சோடு சேர்த்து நட்டுப் போட்டு இறுக்க வேண்டும். பிறகு அந்தத் தட்டின் மேல் சில்லைப் பூட்ட வேண்டும். சில்லைப் பூட்டிவிட்டால் உள்ளே இருக்கிற நட்டுகள் கண்ணுக்குத் தெரியாது. இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? உன் புண்ணியத்தில் ஆறு வாரமாகப் பொலிஸில் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்டது.

கிழவர் உனக்குச் சொன்னது இரண்டே விஷயம். கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்து, எண்ணெய்ப் பசை ஒன்றும் இல்லாமல் காய்ந்தபடி பூட்டு. ஐம்பது கிலோமீற்றர் ஓடியதும் சில்லுகளைக் கழற்றி உள் நட்டுகளைத் திரும்ப இறுக்கு. உனக்குப் பாஷை விளங்கவில்லை என்று யாரும் சாட்டுச் சொல்ல வேண்டாம். அன்று பின்னேரம் சோற்றைப் பிசைந்தபடி நீயே என்னிடம் சொல்லிச் சிரித்தாய்.

“கேட்டியே ராணி, கிழவன் எனக்கு நட்டுப் பூட்டப் படிப்பிக்கிறான். காய்ஞ்சபடி பூட்டட்டாம்! மன்னார் உப்புக்காத்திலை எண்ணெய் போடாமல் ஒரு நட்டைப் பூட்டினால் ஆறு மாசத்திலை வாளாலைதான் அறுக்கவேணும். இஞ்சை பனிக்கெண்டு றோட்டு முழுக்க உப்பைக் கொட்டுறாங்கள். இவனுக்கு அது தெரியேல்லை.”

“அவரின்ரை வண்டிதானே அண்ணை. அவர் சொன்னமாதிரிச் செய்யுங்கோவன்.”

“உனக்கு உதுகளைப் பற்றி என்ன தெரியும்? சும்மா இரு.”

சும்மா இருந்தேன். வேறென்ன செய்ய?

பட்டறையில் நீ கிறீஸ் டின்னைத் தேடுவதைக் கண்டு கிழவர் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினாராம். அத்தோடு விட்டாயா? பெரிய மெக்கானிக் அல்லவா, விடுவாயா?

இரண்டு நாள் கழித்து என் எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தேன். அம்மா தன் கையால் காய்ச்சி, ஒரு ஜாம் போத்தலில் அடைத்து, கிழக்கு பெர்லின் வழியாக வந்த ஒருவரின் பையில் கொடுத்துவிட்ட தேங்காயெண்ணெய். இந்த நாட்டுக் குளிரில் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். வாரத்தில் ஒருநாள் விரல் நுனியில் தொட்டுத் தலைக்கு வைப்பேன், தீர்ந்துவிடக்கூடாதே என்று. அதில் அரைவாசியை யாரோ தோண்டி எடுத்திருந்தார்கள்.

“அண்ணை, என்ரை எண்ணெயை எடுத்தனீங்களோ?”

“ஓம். தலைக்கு வைச்சனான்.”

“அரைப் போத்தலையோ? உங்களுக்கென்ன பத்துத் தலையோ?”

“ஒரு எண்ணெய்க்குப் போய் இந்தக் குதி குதிக்கிறாய். அம்மா எனக்கும் சேத்துத்தானே அனுப்பினவ!”

கோதாரி விழுந்த எண்ணெய் என்று சொல்லிக் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாய். உன் தலைமுடி காய்ந்துபோய்ப் பறந்துகொண்டிருந்தது. அதைக் கண்ணால் கண்டும் என் மரமண்டைக்கு ஒன்றும் எட்டவில்லை.

அடுத்த நாள் சாப்பிடும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது என்றாய். “புது டயர் எல்லோ, பழகியிடும்” என்று நீயே பதிலும் சொன்னாய். பதினோரு வருடம் கராஜ் வைத்திருந்தவன் சொல்கிற கதையா இது? வேறு ஒருவன் நடுங்குகிற வண்டியோடு உன் வாசலில் வந்து நின்றிருந்தால், அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு உடனே நாலு சில்லையும் கழற்றியிருப்பாய். ஐம்பது கிலோமீற்றர் எப்போதோ தாண்டியிருந்தது. உனக்குப் பஞ்சி, குனிந்து நிமிரச் சோம்பல். பஞ்சியும் கொழுப்பும்.

மறுநாள் முற்பகல், விறகேற்றிக்கொண்டு சரிவில் இறங்கும்போது முன் இடது சில்லு தட்டோடு கழன்று ஓடியது. ஜீப் பள்ளத்தில் புரண்டது. கிழவர்தான் முதலில் ஓடிப்போனார். அம்புலன்ஸ் வரும்வரை சேற்றில் குந்தியிருந்து உன் தலையை மடியில் வைத்திருந்தார். உன் மூச்சு அடங்கியதும் அவர் மடியில்தான்.

உன் சாமான்களை வாங்கப் பொலிஸ் என்னைக் கூப்பிட்டது. முற்றத்துக் கொட்டகையில் ஜீப்பை நிறுத்தியிருந்தார்கள். ஒரு மேசையில் உன் ஜெபமாலையும் சட்டையும். அடுத்த மேசையில் அந்தக் கண்டறியாத தட்டும் கழன்ற நட்டுகளும். நட்டின் புரிகளுக்குள் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. வாகனப் பரிசோதகர் கிழவரைத் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“தட்டுக்கு நடுவிலும் இதே கொழுப்பு. பிரேக் சூட்டில் உருகி நட்டுகளை இளக விட்டிருக்கிறது. உங்கள் பண்ணையில் பன்றிக் கொழுப்பு வைத்திருப்பீர்கள் அல்லவா?”

“சமையலறையில் இருக்கிறது. வண்டிக்கு யாராவது அதைப் பூசுவார்களா? காய்ந்தபடி பூட்டு என்று நான் சொன்னேன்.”

“வண்டி உங்களுடையது. வேலையும் உங்களுடையது.”

அவர்கள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் நான் ஒரு நட்டைத் தொட்டேன். விரல் சூட்டில் அந்த வெள்ளை உருகியது. மூக்கில் வைத்துப் பார்த்தேன். அண்ணை, என் தலையணை மணத்தது.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன் ஜெபமாலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். செத்துப்போன அண்ணனைக் குற்றவாளி என்று என் வாயால் எப்படிச் சொல்வது? என் அகதி விண்ணப்பமும் இன்னும் முடியவில்லை. ஏதாவது வில்லங்கம் வந்தால் யார் இருக்கிறார்கள் எனக்கு? நான் வாயை மூடிக்கொண்டிருக்க, உன் சாவுக்குக் கிழவர் மேல் வழக்குப் போடப் போகிறார்கள் என்று கதை வந்தது. சூசை அண்ணை ஒரு வாக்குமூலத்தை எழுதிக்கொண்டே வந்துவிட்டார்.

“பிள்ளை, இதிலை ஒரு கையெழுத்து வை. கிழவன் பண்டிக் கொழுப்பைப் பூசினதை அருள் உனக்குச் சொன்னவன் எண்டு எழுதியிருக்கிறன். மிச்சத்தை நான் பாக்கிறன்.”

“என்ரை அண்ணை அப்பிடிச் சொல்லேல்லையே?”

“சொல்லியிருப்பான், நீ மறந்திருப்பாய். எங்கடை ஒரு உயிர் போனதுக்கு ஆரும் பதில் சொல்லத்தானே வேணும்?”

பிறகு வைக்கிறேன் என்று சொல்லித் தாளை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தேன். அதையும் உனக்கு ஒளிக்கவில்லை. கிழிக்காமல் வாங்கி வைத்தேன்.

உன் முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கிழவரும் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். எங்கள் சனம் ஒருவர் விடாமல் முகத்தைத் திருப்பியது. “கொலைகாரனுக்குக் கோயில் கேக்குதோ?” என்று சூசை அண்ணை சத்தமாகவே சொன்னார். பாஷை விளங்காவிட்டாலும் அந்தக் குரல் யாருக்கும் விளங்கும். பூசை முடிந்து வெளியே வந்தபோது கிழவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார்.

“ராணி, காய்ந்தபடி பூட்டு என்று நான் சொன்னேன். உறுதியாகச் சொன்னேன். ஆனால் எல்லாரும் கேட்டுக் கேட்டு, இப்போது சொன்னேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அருள் உன்னிடம் ஏதாவது சொன்னானா?”

எழுபது வயது மனிதர், ஒரு தப்பும் செய்யாதவர், தன் ஞாபகத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டு என் முன்னால் நின்றார். உன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல இங்கே எழுத்தில்லை. நீ படுத்துவிட்டாய். உன் வாய்வீச்சுக்கு இந்த மனிதர் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணுவதா?

“ஓம், சொன்னவர்” என்று தமிழிலேயே வாயில் வந்துவிட்டது. பிறகுதான் ஜெர்மன் வந்தது. “நீங்கள் சொன்னீர்கள். அண்ணை அதை எனக்குச் சொல்லிச் சிரித்தார்” என்றேன். கிழவர் அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அடுத்த நாள் காலை எண்ணெய்ப் போத்தலைத் துணியில் சுற்றிக்கொண்டு பரிசோதகரிடம் போனேன். ஒரு நட்டையும் போத்தலையும் அவர் மூக்குக்குக் கீழே பிடித்தேன். இரண்டு தரம் மோந்து பார்த்தார். “இது என்ன?” என்றார். “என் தலைக்கு வைக்கிற எண்ணெய்” என்றேன். மனிதர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் ஊர் உப்புக்காற்றையும் உன் கராஜையும் ஒரு மணி நேரம் நின்று விளங்கப்படுத்தினேன். பிறகு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். கிழவர் மேல் இனி வழக்கில்லை.

செய்தி விடுதிக்கு வர, சூசை அண்ணை கதவைத் தட்டினார்.

“செத்தவனைக் காட்டிக் குடுத்திட்டாய் என்ன? நல்ல தங்கச்சி!”

“செய்யாத மனிசனைக் காட்டிக் குடுக்கச் சொல்லித் தாள் கொண்டுவந்தது நீங்கள். இந்தாங்கோ உங்கடை தாள்” என்று அவர் கண் முன்னாலேயே கிழித்துக் கையில் கொடுத்தேன். அன்றிலிருந்து சமையலறையில் அரைவாசிப் பேர் என்னோடு கதைப்பதில்லை. கதைக்காமல் இருக்கட்டும், எனக்கென்ன? கிழவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உன் கல்லறைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறார். நான் ஊற்றுவதில்லை. எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

நேற்று அம்மாவின் கடிதம் வந்தது. ஜீப் புரண்டது என்று மட்டும்தான் அம்மாவுக்குத் தெரியும். அழுது அழுது எழுதியிருக்கிறா, எழுத்தெல்லாம் கரைந்து கிடக்கிறது. கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறா. “பிள்ளை, நான் காய்ச்சி அனுப்பின எண்ணெயை அவன் தலைக்கு வைச்சவனோ? அதையாவது வைச்சிட்டுப் போனவனோ?”

இதை வாசிக்கிற எல்லாரையும் கும்பிட்டுக் கேட்கிறேன். ஊருக்குக் கடிதம் எழுதும்போது இந்த எண்ணெய்க் கதையை மட்டும் யாரும் எழுதிவிடாதேங்கோ. சூசை அண்ணை, உங்களுக்கும்தான் சொல்கிறேன்.

பொலிஸுக்கு உண்மையைச் சொன்ன என் வாயால், அண்ணை, அம்மா இருக்கும்வரை உன் பொய்யை நான் காப்பாற்றுவேன். பதிலை எழுதி ஒட்டிவிட்டேன். “ஓம் அம்மா, அண்ணை தலைக்கு வைச்சவர். அரைப் போத்தல் வைச்சவர்.”

உன்னை இன்னும் மன்னிக்காத,
உன் ஒரே தங்கச்சி,
ராணி