அறுபது வாட் போதும்

மார்ச் 4

பொடிசின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொடிசுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்கிறாள். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, பிரிந்திருக்கும்வரை கடிதமே போதும் என்று சொன்னது நீங்கள்தான். மாதம் ஒன்றாவது எழுதுவேன் என்றும் சொன்னீர்கள். சரி, அதை விடுங்கள்.

ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். பொழுதுபோக்குக்கு என்று வாங்கி மாடி அறையில் விட்டுப்போனீர்களே, அந்த லேசர் மெஷினில் பள்ளிக்கூடங்களுக்கு மர எழுத்துகள் வெட்டிக் கொடுக்கிறேன். அதில் லேசர் ஒளியைத் தரும் டியூப் சோர்ந்துவிட்டது. முன்பு ஒரே ஓட்டத்தில் அறுத்துத் தள்ளியது, இப்போது பலகையைக் கருக்கிவிட்டு நிற்கிறது. பழையது நாற்பது வாட். வாங்குவதே வாங்குகிறீர்கள், எண்பதாகவே வாங்கிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். விற்கிறவர் பேச்சை எவ்வளவு தூரம் நம்புவது? இந்த மெஷினின் நாடி உங்களுக்குத்தான் தெரியும். எதை வாங்கட்டும்?

உங்கள் அண்ணன் கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன். அங்கேதானே தங்கியிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
பொடிசின் அம்மா

மார்ச் 9

அன்புள்ள பொடிசம்மாவுக்கு,

என்னைக் கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அதுவே போதும்.

எண்பது வேண்டாம். பெரிய டியூபை மெல்ல எரியச் சொன்னால் கேட்காது, விட்டு விட்டு மினுக்கும். எழுத்துகளின் மேல் நீ செதுக்கும் பூ வேலை திட்டுத் திட்டாகப் போய்விடும். நாற்பதோ, நீ இப்போது வெட்டும் ஆறு மில்லி கனப் பலகைக்குத் திணறும். அறுபது வாட் போதும். அது பழையதைவிட நீளம். மெஷினின் வலப்பக்கத் தகட்டைத் துளைத்து, வெளியே நீட்டும் பகுதிக்கு ஒரு பெட்டி மாட்ட வேண்டும். மின்சாரம் கொடுக்கும் பெட்டியையும் மாற்றிவிடு, பழையது தாங்காது. இடம் போதாதே என்று யோசிக்காதே. தையல் மெஷினை ஜன்னலோரம் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டால் சரியாக இருக்கும்.

பல் விழுந்த இடத்தை நாக்கால் துழாவ வேண்டாம் என்று பொடிசிடம் சொல். எப்போது பார்த்தாலும் அதே வேலை.

என்றும் உன்,
பொடிசப்பா

மார்ச் 15

பொடிசின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பொறுமையாக விளக்கியிருந்தீர்கள், நன்றி. ஆனால் ஒன்று புரியவில்லை. ஆறு மில்லி பலகைக்கு நான் மாறியது போன மாதம்தான். தையல் மெஷினை நகர்த்தியது அதற்கும் பிறகு. இரண்டையும் உங்களுக்கு எழுதினேனா? எவ்வளவு யோசித்தும் எழுதியதாக நினைவில்லை.

இன்னொன்றும் நடந்தது. நேற்று பொடிசைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய் வந்தேன். மாடி அறையில் கருகிய மர வாடை. டியூபைக் குளிர்விக்கும் தண்ணீர் வாளியில் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. காலையிலிருந்து நான் மெஷினைத் தொடவே இல்லை. மெஷின் தட்டின் மேல் ஒரு துண்டுப் பலகை. அதில் வரிசையாகக் கட்டங்கள், வெளிர் பழுப்பில் தொடங்கிக் கரி வரைக்கும். டியூபின் பலத்தைச் சோதிக்க நீங்கள் போடுவீர்களே, அதே மாதிரி. அதைக் கையில் வைத்திருக்கவே பிடிக்காமல் குப்பையில் போட்டுவிட்டேன்.

எதிரே சைக்கிள் கடைக்காரர் எப்போதும் நம் வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பார். யாரும் உள்ளே போகவில்லை என்கிறார். பூட்டை மாற்றிவிட்டேன். பயந்தாங்கொள்ளி என்று சிரிக்காதீர்கள்.

இப்படிக்கு,
பொடிசின் அம்மா

மார்ச் 20

அன்புள்ள பொடிசம்மாவுக்கு,

எல்லாம் நீயே எழுதியதுதான். எழுதிவிட்டு மறந்துவிடுகிறாய். வேலை அதிகம், உடம்பைக் கவனித்துக்கொள். சாப்பிட்ட தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அப்படியே மேஜையில் தலை சாய்த்துத் தூங்கிவிடுகிறாயே, கழுத்து பிடித்துக்கொள்ளாதா?

அந்தக் கட்டங்களை நீ எறிந்திருக்க வேண்டாம். நிதானமாகப் பார்த்திருந்தால் பழைய டியூபில் இனிச் சத்தில்லை என்று உனக்கே விளங்கியிருக்கும். அறுபதைச் சீக்கிரம் வாங்கு.

புதுப் பூட்டு திருப்பும்போது இறுக்குகிறது. ஒரு சொட்டு எண்ணெய் விடு.

என்றும் உன்,
பொடிசப்பா

மார்ச் 24

பொடிசின் அப்பாவுக்கு,

உங்கள் அண்ணனுக்குப் போன் செய்து, உங்களைக் கூப்பிடச் சொன்னேன். அவரோ, "அவன் வந்த வேகத்துலயே கெளம்பிட்டானேம்மா. வீட்டுக்குப் போறேன்னுதான் சொன்னான். உன் லெட்டர் ரெண்டும் பிரிக்காம இங்கதான் கெடக்கு" என்றார்.

உங்கள் கடித உறைகளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலும் தபால்தலை இல்லை. வாசல் பெட்டியில் கிடந்ததால் நான் கவனிக்காமலே பிரித்திருக்கிறேன். அப்படியானால் நான் எழுதியதையெல்லாம், உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன்பே, இந்த மேஜையிலேயே படித்திருக்கிறீர்கள். நான் கீழே சமைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

சைக்கிள் கடைக்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீட்டை மூலை முடுக்கெல்லாம் தேடினேன். போலீசும் வந்து பார்த்தது. ஓர் ஆளும் இல்லை, ஆள் இருந்த அடையாளமும் இல்லை. நீங்களாக வந்து கதவைத் தட்டியிருந்தால் திட்டியாவது உட்கார வைத்திருப்பேன். இப்போது என்னால் இந்த வீட்டில் தலை துவட்டக்கூட முடியவில்லை, யாரோ பார்ப்பது போல் இருக்கிறது.

நாங்கள் கிளம்புகிறோம். எங்கே என்று எழுதமாட்டேன். டியூப் எதுவும் வாங்கவில்லை. மெஷினை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தபாலில் போடவில்லை. மெஷின் மூடியின் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். உண்மையில், சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் இருந்தேன். சாமான்கள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. வண்டியில் உட்கார்ந்த பிறகு பொடிசு இந்த மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்பாகிட்ட சொல்லிட்டு வரலையாம்மா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. "இரு, சொல்லிட்டு வரேன்" என்று இறங்கி வந்தேன்.

பொடிசின் அம்மா