சாவி திருப்பினால் பேசும் ரேடியோ

அன்பு மகள் வினோதாவுக்கு,

அம்மா எழுதுவது. முத்துமாரி புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அந்த வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் பாதி உனக்குக் கேட்பதில்லை, மீதியை நான் அவசரத்தில் விட்டுவிடுகிறேன். சின்னராசா லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்புகிறான் என்றதும், தேயிலைத்தூளோடு இதையும் கொடுத்துவிடலாம் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். நல்ல சேதிதான் மகள், பயப்படாமல் படி.

அப்பாவுக்குக் கால் கட்டு இன்னும் பிரிக்கவில்லை, கிளச்சை மிதிக்க நாளாகும் என்கிறார் டாக்டர், அதனால் நம் சின்னப் பட்டா லொறியை நான்தான் ஓட்டுகிறேன், லிந்துலையில் லீக்ஸும் கரட்டும் ஏற்றிக் கினிகத்தேனைக் கடைகளில் போட்டுவிட்டு வருகிறேன். ஆரம்பத்தில் பொம்பளை ஓட்டுகிறாள் என்று சிரித்தவர்கள் இப்போது ஒதுங்கி வழி விடுகிறார்கள். போன மழைக்கு மண் சரிந்து, போன் எல்லாம் செத்துப்போய், யார் எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்று தெரியாமல் தவித்தோமே, அதற்குப் பிறகு லொறிக்காரர் சங்கத்தில் அனுமதி எல்லாம் வாங்கி வண்டிக்கு ஒரு ரேடியோ கொடுத்தார்கள், பாட்டுக் கேட்கிறது இல்லை, பேசுகிறது. பட்டனை அமுக்கிப் பேசினால் பக்கத்தில் ஓடும் மற்ற லொறிகளுக்குக் கேட்கும். அப்பா அன்றைக்கே அதன் வயரை நேராகப் பட்டரியில் முறுக்கிவிட்டார். மறுநாள் காலையில் மரக்கறியெல்லாம் ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் வண்டி முனகக்கூட இல்லை. விடிய விடிய ரேடியோ அணையாமல் கிடந்து பட்டரியைக் குடித்துத் தீர்த்திருக்கிறது! லயத்து வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் சேர்ந்து இறக்கத்தில் தள்ளித்தான் ஸ்டார்ட் ஆனது. அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே, அந்தச் சனியனப் புடுங்கி எறி என்று கத்தினார். நான் முடியாது என்றுவிட்டேன். ரோட்டில் தனியாகப் போகிறவள் நான்தானே.

மோட்டார் சாமான் கடை லாபிர் நானாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கடையிலும் சங்கத்து ரேடியோ ஒன்று இருக்கிறது. சிரித்துவிட்டு, தங்கச்சி, பட்டரிக்கி நேரா குடுத்தா அது தூங்கவே தூங்காது, சாவி போட்டா மட்டும் எழும்புற மாதிரி குடுங்க என்று சொல்லி, ஒரு ரிலேயும் ஃபியூஸும் தந்து வயரில் எப்படிப் பூட்டுவது என்றும் சொன்னார். ரிலே என்பது தீப்பெட்டியைவிடச் சின்னது, சாவியிலிருந்து கொஞ்சம் கரண்ட் வந்தால் போதும், அது பட்டரியின் பெரிய கரண்டுக்குக் கதவைத் திறந்துவிடும், சாவியை எடுத்தால் மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை அப்பா கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு கதவுப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தார், நான் ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, டெஸ்ட் பல்பை வைத்து ஃபியூஸ் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஹோர்ன் ஃபியூஸில் சாவி இல்லாமலேயே பல்ப் எரிந்தது, அது வேண்டாம். வைப்பர் ஃபியூஸில் சாவி போட்டால் எரிந்தது, எடுத்தால் அணைந்தது. இதாங்க, இதாங்க என்று நான் கத்திய கத்தலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள். அதிலிருந்து ரிலேக்கு வயர் இழுத்து எல்லாம் பூட்டிச் சாவியைத் திருப்பினேன், ரேடியோவில் பச்சை வெளிச்சம் வந்தது. எடுத்தேன், போனது. திரும்பப் போட்டேன், திரும்ப எடுத்தேன், சின்னப் பிள்ளை மாதிரி அதையே செய்துகொண்டிருந்தேன். அடியே, வண்டிக்கு விக்கல் எடுத்துறப் போகுது என்றாள் அம்மாக்கண்ணு. அப்பாகூடச் சிரித்துவிட்டார்.

இனிமேல்தான் மகள் சேதியே இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை நல்ல மழை. ஹட்டன் தாண்டி இறங்கும்போது முன்னால் புகைபோல மூட்டம், போனில் சிக்னல் இல்லை. ஒரு வளைவில் மேலேயிருந்து மூங்கில் புதர் ஒன்று நின்ற வாக்கிலேயே நகர்ந்து ரோட்டுக்கு வருகிறது! பிரேக்கை அமுக்கின அமுக்கில் எஞ்சின் நின்றுவிட்டது. முன்னால் சேறும் கல்லும் வழிகிறது. கீழேயிருந்து ஏறி வருகிறவனுக்கு வளைவில் எதுவும் தெரியாது. சாவி போட்டபடிதான் இருந்தது, ரேடியோவில் வெளிச்சமும் இருந்தது, பட்டனை அமுக்கி, மண்ணு சரியுது, யாரும் மேல ஏறாதீங்க, இருக்கிற எடத்துலயே நிப்பாட்டுங்க என்று அலறினேன். அக்கா, நான் கிஷாந்த், கீழ் வளைவுலதான் வாறேன், பின்னால பஸ் ஒண்ணு வருதுக்கா என்று சங்கத்து லொறிப் பையனிடமிருந்து பதில் வந்தது. வண்டியக் குறுக்கால போடுடா என்றேன். போட்டுட்டேன்க்கா, பஸ்ஸும் நின்னுருச்சி என்று அவன் சொல்லி முடிக்கவில்லை, என் பக்கத்து மேடும் விரிசல் விடுகிற மாதிரி இருந்தது. சாவியைத் திருப்பினேன், ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது மகள்! பின்னுக்கு எடுத்து நான் நேரான ரோட்டுக்கு வருவதற்குள் மலையே சரிந்த மாதிரி மண் இறங்கி அந்த வளைவை மூடிவிட்டது. ரோட்டோர வேலி மண்ணோடு பள்ளத்துக்குப் போய்விட்டது. ஒரு ஆளுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் ரேடியோவில் வேறு ஒரு குரல், கிஷாந்த் மைக்கைப் பஸ் டிரைவரிடம் கொடுத்திருக்கிறான். அக்கே, பஸ் எக பிரிலா, ஒயா நிசா அபி பேருனா என்றார் சிங்களத்தில், பஸ் நிறைய ஆள் இருக்கு, உங்களால பிழைச்சோம் என்று. எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோய், சரி மல்லி, சரி தம்பி என்று இரண்டு பாஷையும் கலந்துதான் சொல்ல வந்தது. அப்புறம்தான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன்.

மரக்கறியை ஹட்டனிலேயே இறக்கிவிட்டுத் திரும்பினேன். அதற்குள் லொறிக்கு லொறி சேதி தாவி லாபிர் நானா கடை வரை வந்து, அவர் நம் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். சந்தியில் அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு மழையில் நிற்கிறார், குடைகூட இல்லை. இறங்கினேன். வண்டிக்கு ஒண்ணும் ஆகலயே என்றார். ஆகலங்க என்றேன். அவ்வளவு பேர் பார்க்க என் கையைப் பிடித்தவர், வண்டியில் ஏறிய பிறகும் வீடு வரும் வரை விடவில்லை, கியர் மாற்ற நான்தான் பிடுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

நீ வேளைக்குச் சாப்பிடு, ஏசிக்கு நேராகப் படுக்காதே, இருமல் விட்டதா என்று எழுது. சின்னராசாவிடம் கொடுத்த மாசிக் கருவாட்டை ஒரே நாளில் தீர்த்துவிடாதே. எந்த ஊரில் இருந்தாலும் அந்த முத்துமாரித் தாய் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள், எங்கள் ஆயுசில் பாதி உனக்குச் சேரட்டும். இதைப் படித்துவிட்டு வண்டி ஓட்டுவதை நிப்பாட்டுங்க என்று மட்டும் போன் எடுத்துச் சொல்லாதே, திங்கட்கிழமைக்கு லோட் சொல்லியாகிவிட்டது.

இப்படிக்கு
உன் அம்மா
லெட்சுமிகாந்தி, லொறி டிரைவர்