நாற்பத்தொன்றாவது உறுமி

இன்று காலை மனைவி முழங்காலுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை கூடத்துக்கு வந்ததும் உன் நினைவு வந்துவிட்டது. பண்டமாரானில் கோயில் ஊர்வலத்துக்குக் கிளம்பும் முன், உறுமியின் இடப்பக்கத் தோலில் நீ தடவும் எண்ணெய் அது. தடவிவிட்டு வளைந்த குச்சியை அழுத்தி இழுப்பாய். தோல் அடிவயிற்றிலிருந்து முனகும். துறைமுகக் கிடங்கில் நாம் சேர்ந்து வேலை பார்த்த இருபது வருடமும், திருவிழா முடிந்த மறுநாள் உன் மேல் அந்த வாடை இருக்கும்.

சிறுநீரகம் கெட்டு, கிள்ளான் ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனது. ஊசி ஏற்றும் இடது கையால் இனி பாரம் தூக்கவோ அழுத்தவோ கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நீ அழவில்லை. உறுமியை உன் மேளக் குழுவிடம் கொடுத்துவிட்டு வந்து, "இனிமே நான் கேக்குற ஆளுதான்லா" என்றாய். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கம்ப்யூட்டரிலேயே உன் உறுமியைச் செய்து தருகிறேன், விரலால் தட்டினால் போதும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதுவரை கம்ப்யூட்டரில் நான் செய்த பெரிய வேலை, லோரி வரும் நேரத்தைப் பட்டியல் போட்டதுதான்.

இலவச மென்பொருள் ஒன்றை இறக்கி, டயாலிசிஸ் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே கற்றேன். ஓர் ஒலியலையை எடுத்து அதன் சுருதியைச் சட்டென்று இறக்கினால் 'தும்' என்று ஓர் அடி. அதில் கொஞ்சம் இரைச்சல் கலந்தால் குச்சி பட்ட மாதிரி ஒரு 'டக்'. பெருமையோடு உன் காதில் ஹெட்ஃபோனை மாட்டினேன்.

"இது லோரி கதவ சாத்துற சத்தம்டா."

அடுத்த வாரம் முனகலில் கை வைத்தேன். "பூனைய மிதிச்சிட்டியா?" என்றாய். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உன் உறுமியை வேறு யாராவது வாசிக்கட்டும், பதிவு செய்துவிடுவோம் என்றதற்கும் நீ ஒத்துக்கொள்ளவில்லை. "வேற ஆளு அடிச்சா அது அவன் சத்தம்."

செய்ததற்கெல்லாம் எண் போட்டு வைத்தேன். முப்பதைத் தாண்டியதும் நீ கேலி செய்வதை நிறுத்திவிட்டாய். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். நாற்பத்தொன்றைக் கண்ணை மூடிக் கேட்டாய். "தோலு சரியா இருக்கு. ஆனா என்னோடது இல்ல. என்ன கொறையுதுன்னு எனக்கே தெரியலடா."

அடுத்த முறை உன் நாற்காலி காலியாக இருந்தது.

நீ போய்ச் சில மாதம் கழித்துக் குழுவின் ஒத்திகைக்குப் போனேன். அதே உறுமி, அதே குச்சி, அதே எண்ணெய். நன்றாகத்தான் வாசித்தார்கள். ஆனால் அதிலும் நீ இல்லை. என்னமோ குறைகிறதே என்று வாசித்தவரிடம் கேட்டேன்.

"அவரு குச்சிய இழுக்குறப்ப தொண்டையாலயும் முனகுவாருலா, அண்ணே. பக்கத்துல நின்னா ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கும். அவருக்கே தெரியாது."

அடப்பாவி! எத்தனை ஊர்வலத்தில் உன் தோளுரச நடந்திருக்கிறேன். எல்லாம் தோலின் சத்தம் என்றே நம்பினேன். உன் தொண்டையில் இருந்ததை நாற்பத்தொரு தடவை தோலில் தேடியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மைக்கின் முன் வாயை மூடி முனகினேன். என் குரல் மெலிசு. சுருதியை இறக்கி நாற்பத்தொன்றின் அடியில் சேர்த்துத் தட்டினேன். சமையலறையிலிருந்து மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"அந்த அண்ணன் வந்த மாதிரி இருக்குங்க."

நீ அந்த நாற்காலியில் இருந்தபோது உன் காதில் விழுந்திருக்க வேண்டிய சத்தம். கொடுத்த வாக்கு நேரத்துக்கு வந்து சேரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இனிப் போகாது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கிடங்குக் கதவை இழுத்தாலும், அரிசி மூட்டையைத் தூக்கினாலும் என் தொண்டை தானாக முனகுகிறது. இன்று காலை விளக்கெண்ணெய்க் குப்பியின் மூடியை இறுக்கும்போதும் அப்படித்தான். மனைவி காலை நீட்டியபடி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.