மீதியில்லாத எண்

சிட்டு, அம்மா எழுதுகிறேன். அப்பா இதை உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து படிப்பார். நீ நலமா என்று கேட்டு எழுதித்தான் பழக்கம். இந்தத் தடவை கேட்க வாய் வரவில்லை.

உன் காரியம் முடித்து ஊரிலிருந்து வேலைக்குத் திரும்பினால், சலவைக்கூடத்தில் என் வேலை அட்டை எண்ணையே மாற்றி வைத்திருக்கிறார்கள்! பழைய எண் 4071285. நீதானே போனில் சொன்னாய்: "எல்லாத்தையும் கூட்டும்மா, இருபத்தேழு வருதா? அப்ப அது மூணால வகுபடும். நம்ம மூணு பேருக்கும் மீதியே இல்லாம சமபங்கு!"

மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டேன். "லீவு நீண்டுபோச்சுல்லக்கா, பழசு க்ளோஸ் ஆயிடுச்சு. நம்பரா சோறு போடப்போகுது?" என்று சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்! "என் பொண்ணு பங்கு போட்டுக் குடுத்த நம்பர்யா அது! அவ போனதும் அதையும் பிடுங்கிக்குவீங்களா?" என்று கத்தினேன். துணி மடிக்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் தொங்கிப்போனது. ஆனால் எண் திரும்பி வரவில்லை.

நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், அப்பா கவலைப்பட வேண்டாம். உன் சீப்பை மட்டும் கழுவாமல் அப்படியே அனுப்பி வைக்கட்டும்.

புது எண் 4093607. கூட்டினால் இருபத்தொன்பது, மூன்றுக்கு ஒத்துவரவில்லை. சரி, அப்பாவுக்கும் எனக்குமாவது சரியாக வரட்டும் என்று இரண்டால் வகுத்தேன். அதிலும் ஒன்று மிஞ்சுகிறது.

வேலைக்கு மணி அடித்துவிட்டது கண்ணு, சீக்கிரம் சொல். அந்த ஒன்றை நாங்கள் யாருக்குக் கொடுப்பது?