கயிற்றுக்களத்தில் டாங்கோ

1936 மே 3, ஞாயிறு

வெக்கை. கோயிலுக்குப் புறப்படும் முன்பே ரவிக்கை முதுகில் ஒட்டிவிட்டது. வேளிமலைப் பக்கம் மேகம் இருக்கிறது, மழை இல்லை.

பள்ளிக்கூடம் அடைத்தாயிற்று. நான் பாடம் எடுக்கும் நாலாம் வகுப்பும் அதன் கூச்சலும் ஒரு மாதத்துக்கு இல்லை.

செய்ய வேண்டியவை: மாங்காய் கீறி உப்பில் போட. மைனிக்கு முட்டுவலித் தைலம். கோட்டாற்றில் கிராமபோன் ஊசி.

ஊசி ஜே. கேட்டது. ஜே. என்றால் ஜேக்கப், என் வீட்டுக்காரர். வாயால் சொல்லக்கூடாத பேர், எழுதலாம். கொழும்பில் ஒரு பெரிய ஓட்டலில் பிடில் வாசிக்கிறார். வருஷத்தில் ஒரு மாதம் எனக்கு, மீதி ஓட்டலுக்கு. ஆறு வருஷமாக இப்படி. இந்தத் தடவை ஒரு கிராமபோன் பெட்டியும் கொண்டுவந்திருக்கிறார்.

சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன், "இந்தத் தடவை நானும் வாறேன்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "வந்து என்ன செய்வே? வருஷத்துல ஒரு நாள் ஓட்டல்காரங்க எங்களுக்குன்னு ஹாலைத் தருவாங்க. பாண்டுக்காரங்க எல்லாரும் பொஞ்சாதியோட டாங்கோ ஆடுவாங்க. நீ ஒரு மூலையில இருப்பே. உனக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்."

மைனி, அதாவது அவருடைய அக்கா, இந்த வீட்டின் ராணி, மோரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "கயித்துக்களத்துல வளந்தவளத் துரைசானிமாருக்க எடையில கொண்டு நிறுத்தப் போறியாலே? மானம் போவும்."

ஜே. அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும் சொல்வதில்லை. எனக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறிற்று.

"அப்போ சொல்லித் தாருங்கோ. படிச்சா கூட்டிட்டுப் போவியளா?"

"படிச்சா பாப்பம்."

பார்ப்பதாவது. படிக்கிறேன்.

மே 5, செவ்வாய்

மைனி பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போனாள். கதவைச் சாத்தினோம். பட்டப்பகல்.

டாங்கோ அர்ஜென்டினா தேசத்து ஆட்டமாம். பூகோளப் புத்தகத்தில் அந்த ஊருக்கு மாடு, கோதுமை என்று மட்டும் போட்டிருக்கிறது. நானும் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்து வருகிறேன். இப்படி ஒரு சங்கதி இருப்பதை யாரும் சொல்லவில்லை.

அவருடைய வலது கை என் முதுகில். இடது கையில் என் கை. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் வெளிச்சத்தில் இப்படி நின்றதில்லை. வெட்கம். பிடித்தும் இருந்தது.

தாளம்: பைய, பைய, சட் சட், பைய. ஆண் முன்னால் நடக்க வேண்டும். பெண் பின்னால் நடக்க வேண்டும், திரும்பிப் பார்க்காமல்.

பின்னாலா? எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் களத்தில் இடுப்பில் தேங்காய் நாரை, அதுதான் தும்பு, கட்டிக்கொண்டு, அம்மை கயிறு முறுக்கும் ராட்டைச் சுற்ற, நான் தும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே பின்னால் பின்னால் போவேன். போகப் போக முன்னால் கயிறு நீளும். கண் கயிற்றில் இருக்கும், குதிகால் தரையைப் பார்த்துக்கொள்ளும். சிறுவயதில் நான் முன்னால் நடந்ததைவிடப் பின்னால் நடந்தது அதிகம்.

ஜே. நின்றுவிட்டார். "ஏட்டி, உனக்கு முதுகுல கண்ணு உண்டா?"

சொல்லவில்லை. ஆச்சரியப்படட்டும். நன்றாக இருந்தது.

மே 8, வெள்ளி

சாயங்காலம் ஒரு பாட்டம் மழை. பலாச்சக்கை பழுத்து வீடெல்லாம் வாசம்.

இன்று சண்டை. அவர் வருவதற்குள் நான் போய்விடுகிறேனாம். "நீ என்னையில்லா இழுத்துக்கிட்டுப் போறே. கரைக்கு இழுக்க நான் என்ன வள்ளமா?"

உண்மைதான். பழக்கம். கயிறு தொய்ந்தால் சுருண்டு கெட்டுப்போகும், அதனால் கை எப்போதும் இறுக்கத்தோடு பின்வாங்கும். களம் முடியும்வரை நிற்கவும் மாட்டேன், திரும்பவும் மாட்டேன். டாங்கோவிலோ நிமிஷத்துக்கு நிமிஷம் திரும்ப வேண்டும். இன்று திரும்பாமல் போய் நெல்லுப் பத்தாயத்தில் இடித்தேன். இடுப்பில் நீலமாகக் கன்றிவிட்டது.

ஆனால் மிதிப்பது அவர். என் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. மிதித்துவிட்டு, "நீ செரியா போகல்ல" என்கிறார். நான் சரியாகப் போகும்போதும் மிதிக்கிறார். ஏன் என்று தெரியவில்லை.

கிணற்றடியில் அடுத்த வீட்டுக்காரிகள் இரண்டு பேர், நான் வருவதைப் பார்க்காமல்:

"கொழும்புக்காரன் கதவ அடச்சுக்கிட்டுப் பொஞ்சாதியப் பின்னால தள்ளிக்கிட்டே போறான். சன்னல் வழியா கண்டேன்."

"அடிக்கானா?"

"அடிக்கல்ல. தள்ளுதான். பாட்டும் வச்சிருக்கான்."

வாளியை நிறைத்துக்கொண்டு ஒன்றும் கேட்காதவள் போல வந்தேன். வீட்டுக்குள் வந்து சிரித்த சிரிப்பில் பாதித் தண்ணீர் கொட்டிவிட்டது.

மே 10, ஞாயிறு

பிரசங்கம் நீளம். பெஞ்சுக்கு அடியில் கால் தன்பாட்டில்: பைய, பைய, சட் சட். பக்கத்தில் இருந்தவள் எறும்பா என்று குனிந்து பார்த்தாள்.

கிராமபோன் பிளேட்டின் மறுபக்கத்தில் ரும்பா. கியூபா தேசத்து ஆட்டமாம், அங்கே கரும்பு விளையும் என்பது வரைக்கும் தெரியும். இடுப்பு ஒருவர் பேச்சைக் கேட்க வேண்டும், கால் இன்னொருவர் பேச்சை. எனக்கு வந்துவிட்டது. ஜே. ஆடியதைப் பார்த்தால் வேட்டிக்குள் ஓணான் புகுந்தவர் மாதிரி இருந்தது. ரும்பா இந்த வருஷம் வேண்டாம் என்று தீர்மானம்.

மே 13, புதன்

கோட்டாறு போனோம். ஊசி ஒரு டப்பி. தைலம். எனக்குக் குதி உயர்ந்த செருப்பு, ஒரு துரைசானிக்காகச் செய்து அவள் வாங்காமல் விட்டதாம். என் காலுக்கு அளவெடுத்த மாதிரி. வீட்டுக்கு வந்து போட்டுப் பின்னால் நடந்தேன். முதலில் தடுமாற்றம், பிறகு சரி. இதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று இந்த நோட்டுக்கு மட்டும் சொல்கிறேன்.

மத்தியானம் மைனி கண்ணயர்ந்ததும் ஆடினோம். மறுபடியும் அதே விரலை மிதித்தார். வலியில் கேட்டுவிட்டேன்:

"நீங்க அங்க ஆருகூட ஆடிப் படிச்சிய?"

பிளேட் முடிந்து ஊசி சும்மா உரசிக்கொண்டிருந்தது. பத்தாயத்தின்மேல் உட்கார்ந்தார்.

"ஆருகூடயும் இல்ல."

"பின்னே?"

"மேடையில நிண்ணு பாத்ததுதான். அங்க நிக்கவனுக்குத் தலையும் தோளும்தான் தெரியும். காலு தெரியாது, கூட்டம் மறைக்கும்."

எல்லாம் சொன்னார். வருஷா வருஷம் பாண்டு மாஸ்டர் ஆடக் கூப்பிடுவாராம். இவர், "பொஞ்சாதி ஊர்ல இருக்கா, வேற பொம்பிளயோட ஆட மாட்டேன்" என்று சொல்லி, பிடிலோடு மேடையிலேயே இருந்துவிடுவாராம். நல்ல புருஷன் என்று எல்லாரும் மெச்சுவார்களாம்.

"நீ வந்தா நான் ஆடணும். எனக்கு நடக்கத் தெரியாது, ரூத்து. அம்புடு பேரு முன்னால எப்பிடி?"

ஆக, சங்கடம் எனக்கு இல்லை, அவருக்கு. கயிற்றுக்களத்துக்காரி என்று மைனி சொல்லும்போதெல்லாம் வாயைத் திறக்காத மனுஷன், அங்கே என்னைச் சொல்லி ஒளிந்துகொண்டிருக்கிறார். ஆறு வருஷம் நான் இங்கே இருந்தது இதற்காக.

இரவு சோறு போட்டேன். மீனில் அவருக்கு வழக்கமான நடுத்துண்டு வைக்கவில்லை.

மே 14, வியாழன்

கோபம் பாதி போயிற்று. மிச்சம் இருக்கிறது.

பட்டப்பகலில் கதவைச் சாத்தி ஆடினாரே, அது என்மேல் உள்ள ஆசை என்று நினைத்திருந்தேன். பயமாம். நல்ல ஆள் நான்.

ஆனால் யோசித்தால், ஊரெல்லாம் கேட்கப் பிடில் வாசிக்கிறவர், "எனக்குத் தெரியாது" என்று சொன்னது என்னிடம் மட்டும்தான்.

காலையில் சொன்னேன்: "திங்கக்கிழமை எங்க அம்மைக்க வீட்டுக்குப் போறோம். பாட்டுப்பெட்டியையும் எடுங்கோ."

"அங்க என்னத்துக்கு?"

"நடக்கப் படிக்க."

மே 18, திங்கள்

பஸ்ஸில் மணவாளக்குறிச்சி. மடியில் பாட்டுப்பெட்டி. கண்டக்டர், "உள்ள என்ன, கோழியா?" என்று கேட்டான்.

அம்மை வீடு காயல் ஓரம். தேங்காய்க் கதம்பை தண்ணீரில் ஊறி அழுகும் நாற்றம். ஜே. மூக்கைப் பொத்தினார், என்னைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். எனக்கு அது பிறந்த வீட்டு வாசம்.

அம்மையிடம் விஷயத்தைச் சொன்னேன். "புருசனும் பொஞ்சாதியும்தானே, ஆடினா என்ன? நாளைக்குக் களத்துக்கு வாங்கோ" என்றாள். அவ்வளவுதான் அம்மை.

மே 19, செவ்வாய்

இன்று நடந்ததை விடாமல் எழுதவேண்டும்.

காலை. தென்னை நிழலில் களம், நீளமாக, நேராக. சேலையை இடுப்பில் செருகினேன், தும்பைக் கட்டினேன். அம்மை ராட்டில். களத்தில் இறங்கிப் பதினைந்து வருஷம் ஆகிறது. விரல் மறக்கவில்லை. தும்பு வந்தது, கயிறு வந்தது, கால் தானாகப் பின்னால் போயிற்று. பக்கத்துக் களத்துப் பெண்கள் ஓசை எழுப்பினார்கள்: "டீச்சரம்மை இப்பவும் கொள்ளாமே, நல்லாத்தான் போறா."

ஜே.யைக் கூப்பிட்டேன். "எனக்கு எதிரே நிண்ணு, நான் போற போக்குல வாருங்கோ. தொடப்பிடாது. காலப் பாக்கப்பிடாது."

எனக்கு நேர் எதிரே வந்தார். கயிறு அவர் நெஞ்சில் முட்டிற்று.

"மாப்பிள, கயிறு அறும், மாறி நில்லும்" என்று அம்மை சத்தம் போட்டாள்.

கொஞ்சம் விலகி, கயிற்றை ஒட்டி நின்றார். நடந்தேன். வந்தார். களத்தின் பாதி வரை வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. மிதிக்கவில்லை. அவருடைய கால் என் காலுக்கு நேரே இல்லாமல் பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் நேர் எதிரே, விரலுக்கு விரல் நின்றிருக்கிறோம். மேடையில் இருந்து பார்த்தவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. எனக்கும் தெரியாது.

"நடுவுல கயிறு உண்டுன்னு வச்சுக்கிடுங்கோ," என்றேன், "அங்கயும்."

அது அவர் பாடம், என் பாடம் அடுத்தது. அம்மை ராட்டை நிறுத்தினாள். கயிற்றின் வழியாக அது என் கைக்குத் தெரிந்தது, நான் நின்றேன். பார்த்துக்கொண்டிருந்த ஜே., "அப்போ நிக்கவும் திரும்பவும் உனக்குக் கைதான் சொல்லணும். நான் வாயால இல்லா சொல்லிட்டு இருந்தேன்" என்றார். பிடில்காரர் அல்லவா. கை விஷயம் என்றதும் பிடித்துக்கொண்டார்.

தும்பை அவிழ்த்தேன். பிளேட் வைத்தோம். கதவு கிடையாது, சுவர் கிடையாது, எல்லாரும் பார்க்க. ராட்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. பைய, பைய, சட் சட், பைய. களத்தின் கோடிவரைக்கும் போனோம். கடைசித் தென்னைக்கு முன்னால் அவர் கை முதுகில் லேசாக நின்றது, நான் நின்றேன். கை திரும்பிற்று, நான் திரும்பினேன். பாவாடை வயதிலிருந்து நான் திரும்பாத இடம் அது.

யாரோ சொன்னது காதில் விழுந்தது: "மாப்பிள கயிறு திரிக்கப் படிச்சிட்டாரு, நாளைக்குக் கூலிக்கு நிறுத்தலாம்."

அம்மை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை வைக்கச் சொன்னாள்.

எனக்கு இன்று தலை கால் புரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

மே 23, சனி

நேற்றே நாகர்கோவில் வீட்டுக்குத் திரும்பி வந்தாயிற்று. மழை ஊசி மாதிரி.

மைனிக்கு ஊர்ப்பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. சாப்பாட்டில் தொடங்கினாள்: "கயித்துக்களத்துல போயிக் கூத்தாடினியளாமே. அவளுக்கு வளந்த எடம், ஆடுவா. உனக்கு என்னலே?"

நான் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போலச் சும்மா இருப்பார் என்று நினைத்தேன்.

"அங்கதான் அக்கா நான் படிச்சேன்" என்றார். "கயித்துக்களத்துலதான். சொல்லித் தந்தது இவ."

மைனி மோரை எனக்கு முதலில் ஊற்றினாள். தெரியாமல் ஊற்றினாளோ என்னவோ.

நடுத்துண்டு அவருக்கு வைத்தேன்.

மே 27, புதன்

பள்ளிக்கூடத்துக்கு நான் வரவில்லை என்று எழுதிக் கொடுத்தாயிற்று. நாலாம் வகுப்பை நினைத்தால் கொஞ்சம் கஷ்டம். கப்பலுக்கு இரண்டு டிக்கெட். ஒன்றில் என் பேர் இருக்கிறது.

எடுக்க வேண்டியவை: நீலச் சேலை (வழுக்காது). செருப்பு. உப்பு மாங்காய்ப் பரணி, வாயைக் கட்டி. பிளேட், துணியில் சுற்றி.

மே 29, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. தூத்துக்குடிக் கப்பல் நாளை. திருநெல்வேலி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

டிரங்குப் பெட்டியின் பூட்டு சரியில்லை. அம்மை களத்தில் அன்று நான் திரித்த கயிறு பையில் இருந்தது. அதைப் போட்டுக் கட்டினேன்.

மைனி வந்து நின்றாள். "ஏட்டி, கோட்டாத்துல நல்ல நூல்கயிறு கிடைக்குமே. இத வச்சா கெட்டுவே? கொழும்புல இறங்கச்சில எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டு மைனி" என்றேன். ஜே. வந்து முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார்.

வண்டி வந்துவிட்டது.